டிஸ்சார்ஜுக்கு அப்புறம் நாங்கள் யார் பொறுப்பு? தண்டுவடம் அடிபட்டவனின் திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறையிலும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையிலும் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். இரண்டு துறைக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதுகிறேன். ஏனென்றால் எங்களைப் போன்றவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் வரை ஒரு துறை, வீட்டுக்கு வந்ததும் இன்னொரு துறை. இரண்டுக்கும் நடுவில் செத்துப்போகிறவர் யார் கணக்கிலும் வருவதில்லை.

நான் கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டவன். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோக்களுக்குக் குறைவில்லை, "தம்பி, நடக்க வெச்சுடுறாங்களாம், பாரு" என்று. அதில் முக்கால்வாசி குப்பை. ஆனால் 2024 மே மாதம் நேச்சர் மெடிசின் என்ற மருத்துவ ஆய்விதழில் வந்த அப்-லிஃப்ட் ஆய்வு குப்பையில்லை. அறுவை சிகிச்சை இல்லாமல், கழுத்துத் தோல்மேல் மின்முனை ஒட்டி தண்டுவடத்தைத் தூண்டுகிறார்கள். 60 பேரில் 72 சதவீதத்தினருக்குக் கையில் பலமும் கூடியது, கையால் செய்யும் வேலையும் கூடியது. அடிபட்டு 34 வருடம் ஆனவருக்குக்கூட பலன் தெரிந்திருக்கிறது. அதே வருடம் டிசம்பரில், மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தருகிற அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இந்தக் கருவிக்கு அனுமதியும் கொடுத்துவிட்டது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

சரி, அந்த ஆய்வில் என்ன செய்தார்கள்? முதல் இரண்டு மாதம் வெறும் பயிற்சி, அடுத்த இரண்டு மாதம் மின்தூண்டலோடு சேர்த்துப் பயிற்சி. மெஷினை ஒட்டிவிட்டுப் படுத்துக்கொண்டால் ஆகிற காரியமில்லை இது, உட்கார்ந்து பயிற்சி செய்ய ஒரு உடம்பு வேண்டும். பிட்டத்தில் எலும்பு தெரிகிற அளவுக்குப் படுக்கைப்புண், மடங்கி இறுகிப்போன விரல்கள், மாதம் தவறாமல் மூத்திரத் தொற்றுக் காய்ச்சல் என்று கிடப்பவர்கள் இருக்கும்போது நாளைக்கே அந்த மெஷினை லாரியில் கொண்டுவந்து இறக்கினாலும் யார் கழுத்தில் ஒட்டுவீர்கள்?

இன்னுயிர் காப்போம் திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை என்பது பெரிய விஷயம். தண்டுவடத்தின் மேல் இருக்கும் அழுத்தத்தை 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்து நீக்கினால் பலன் கூடுதல் என்று 2021-இல் 1,548 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். (பனையிலிருந்து விழுந்தவரும் சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாரும் சாலை விபத்தில் சேர மாட்டார்கள். அவர்களுக்கும் அதே தண்டுவடம்தான்.)

48 மணி நேரத்துக்கு அப்புறம்தான் கதையே. ஒரு டியூப், ஒரு யூரின் பை, மாத்திரைச் சீட்டு, "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடுங்க" என்று வாசலில் வைத்து ஒரு வார்த்தை, அவ்வளவோடு அனுப்பிவிடுகிறார்கள். எப்படித் திருப்புவது, எந்த இடத்தில் சிவந்தால் பயப்பட வேண்டும், மலம் எப்படி எடுப்பது, எதையும் யாரும் செய்து காட்டுவதில்லை. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் தண்டுவடப் பிரிவை ஆரம்பித்தபோது அவர் பெரிதும் நம்பியது புது மருந்தை அல்ல. நேரம் தவறாமல் திருப்பிப் போட்டார், மூத்திரப்பையைக் கவனித்தார், எழுப்பி உட்காரவைத்து விளையாட விட்டார். அதுவரை ஒன்றிரண்டு வருடத்தில் செத்துக்கொண்டிருந்தவர்கள் பிழைக்க ஆரம்பித்தார்கள். எண்பது வருடப் பழைய பாடம் இது.

ஆஸ்பத்திரிகளுக்கே இந்தப் பாடம் எவ்வளவு தெரியும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு நாள் ராத்திரி எனக்குத் தலை பிளப்பது போல வலி, முகமெல்லாம் வேர்வை, பிபி 200-ஐத் தாண்டிவிட்டது. கொண்டுபோன இடத்தில் டூட்டி டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்து நீட்டிப் படுக்க வைத்தார். கழுத்திலோ மேல்முதுகிலோ அடிபட்டவருக்கு இப்படி வந்தால் முதலில் உட்கார வைக்க வேண்டும், படுக்க வைத்தால் பிபி இன்னும் ஏறும். அம்மாதான் போர்வையை விலக்கிப் பார்த்தார், மூத்திர டியூப் தொடைக்கு அடியில் மடங்கி அடைத்துக் கிடந்தது. நேராக்கியதும் பை மளமளவென்று நிறைந்தது, பிபி தானாக இறங்கியது. இதைக் கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கவும் கூடும். அவசர சிகிச்சை வார்டு ஒவ்வொன்றிலும் சுவரில் ஒரு தாள் ஒட்டினால் போதும், இதற்கு உலக வங்கிக் கடன் தேவையில்லை.

தெரிந்தவர்கள் நம் ஊரில் இல்லாமலும் இல்லை. 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, வீல்சேரில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் முயற்சியில், வேலூர் பாகாயத்தில் 1966-இலேயே மறுவாழ்வு மையம் வந்துவிட்டது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கினார். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. அங்கெல்லாம் போய்ச் சேர முடிந்தவர் தப்பிக்கிறார், மற்றவர் ஸ்டெம் செல் ஏற்றி நடக்க வைப்பதாகச் சொல்லும் விளம்பரத்தைப் பார்த்துக் காட்டை விற்கிறார். அந்த சிகிச்சையை ஆய்வுக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு செய்யக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-லேயே சொல்லிவிட்டது, போர்டுகள் மட்டும் இறங்கவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மக்களைத் தேடி மருத்துவம் வண்டி எங்கள் தெருவுக்கு வருகிறது, பிசியோ செய்கிறவர் வருகிறார், டயாலிசிஸ் பைகளை வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள். அதே வண்டியில் மூத்திரம் எடுக்கும் டியூபான கத்தீட்டரையும் கொடுங்கள். ஒரு நாளைக்கு நாலிலிருந்து ஆறு தடவை போட்டு எடுக்க வேண்டியது அது. மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகையில் அதை வாங்கிவிட்டு மிச்சத்தில் சாப்பிட முடியாது, அதனால் பல வீடுகளில் ஒரே டியூபைக் கழுவிக் கழுவிப் போடுகிறார்கள். வருகிற நர்ஸ் பிபியும் சுகரும் எழுதும் நோட்டில் பிட்டத்தையும் குதிகாலையும் பார்த்ததற்கு ஒரு கட்டம் சேருங்கள். வீல்சேர் கொடுக்கும்போது நல்ல குஷனும் சேர்த்துக் கொடுங்கள். வெறும் ரெக்சின் சீட்டில் நாள்முழுக்க உட்கார்ந்தால் புண் வராமல் என்ன வரும்? அப்புறம் முக்கியமானது, மறுவாழ்வு வார்டில் சில வாரமாவது இருந்து, வீட்டில் ஒருவராவது இதையெல்லாம் தன் கையால் செய்து பழகாமல் யாரையும் டிஸ்சார்ஜ் செய்யாதீர்கள்.

முதலில் ஒரு மாவட்டத்தில் செய்து பாருங்கள். தென்காசி என்றால் ஆய்க்குடி பக்கத்திலேயே இருக்கிறது. சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லையென்றால் எங்களைக் கூப்பிடுங்கள், வருகிறோம். வார்டுக்குப் போகும் வழியில் சாய்தளம் மட்டும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பயனாளிகளில் ஒருவன்