பெடல் சுற்றியவர்களுக்கு

அன்பான கொக்குவில் உறவுகளுக்கும், தூர இடங்களிலிருந்து மழைக்குள் வந்து சேர்ந்தவர்களுக்கும் வணக்கம்.

நவம்பர் 24ஆம் திகதி எங்கள் சனசமூக நிலைய மண்டபத்தில், குயின் என்ற ஆங்கில இசைக்குழுவின் பாடகர் பிரெடி மேர்க்குரியின் நினைவு மாலை நடந்தது. அறுபது கதிரை போட்டிருந்தோம். போதவில்லை, பின்சுவரோடு நின்றபடியே பலர் கடைசிவரை பார்த்தார்கள். அடுத்த நாளே ஒவ்வொரு வீட்டுப் படலைக்கும் வந்து நன்றி சொல்ல நினைத்தேன். மாரி மழை விடவில்லை. சிலர் ஊரிலும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில், வாசலில் வைத்து என்னைக் கேள்வி கேட்ட ஐயாவுக்கு நன்றி. "ஆரோ ஒரு வெள்ளைக்காரப் பாட்டுக்காரனுக்கு இஞ்ச என்ன நினைவு நாள்?" என்று கேட்டீர்கள். அதைக் கேட்ட பிறகு, எழுதி வைத்திருந்த உரையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, உங்களுக்கு மறுமொழி சொல்வதிலிருந்தே தொடங்கினேன். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் பரூக் புல்சாரா. குஜராத்திலிருந்து போன பார்சிக் குடும்பம். 1946 செப்ரெம்பர் 5இல் கிழக்கு ஆபிரிக்காவின் சான்சிபார் தீவில் பிறந்தார். அப்பா அரசாங்கக் காசாளர். எட்டு வயதில் பிள்ளையை இந்தியாவுக்கு, பஞ்ச்கனி விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் பியானோ படித்தார். 1964இல் சான்சிபாரில் புரட்சி வெடித்தபோது குடும்பமே எல்லாவற்றையும் விட்டுவிட்டு லண்டனுக்கு ஓடியது. அப்போது அவருக்கு 17 வயது. ஹீத்ரோ விமான நிலையத்தில் பயணப் பெட்டி தூக்கினார். கென்சிங்ரன் சந்தையில் பழைய உடுப்பு விற்றார். அப்புறம்தான் குயின் இசைக்குழு, லண்டன் வெம்பிளி அரங்கம் எல்லாம்.

ஐயா, நீங்கள் அதைக் கேட்டுவிட்டு "அப்ப எங்கட பெடியள் மாதிரித்தான்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னீர்கள். நான் அரை மணித்தியாலம் பேசியதை நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள்.

லண்டனில் அந்தக் குடும்பம் வாழ்ந்த வீடு இருக்கும் பெல்தத்துக்கு எங்கள் சின்னம்மாவின் மகன் குளிருக்குள் பஸ் பிடித்துப் போய், சுவரில் 2016இல் பதித்த நீல வட்ட நினைவுப் பலகையைப் படமெடுத்து அனுப்பினான். மண்டப வாசலில் பெரிதாக ஒட்டியிருந்தது அந்தப் படந்தான். நன்றி தம்பி. நீயும் ஹீத்ரோவில் இரவு வேலை செய்து வந்தவன் என்பதை அன்றைக்குச் சொல்ல மறந்துபோனேன்.

இனி கசெற்றின் கதை. அன்று பேசும்போது தொண்டை அடைத்துப் பாதியில் விட்டுவிட்டேன். இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். எனக்கு அப்போது 14 வயது. அந்த ஒக்ரோபரில், வகுப்பில் பக்கத்து வாங்கில் இருந்த நண்பன் 60 நிமிடக் கசெற் ஒன்றைத் தந்தான். அவனுடைய மாமா கொழும்பில் பதிவு செய்வித்த குயின் பாட்டுகள். வீடு சோனகத் தெருவில். "ஒரு கிழமையில தா" என்றான். ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று சொல்லப்பட்டது. அடுத்த நாள் சைக்கிளில் போனேன். அவன் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அடுத்த வீட்டுக் கதவும் அப்படித்தான். தெரு முழுக்க ஒரு சனம் இல்லை. கசெற் என் சட்டைப்பைக்குள் இருந்தது.

அதைக் கேட்க வழி செய்து தந்தவர் சைக்கிள் கடை மாமா. டைனமோ தருவது ஆறு வோல்ற் ஆடலோட்டம். எங்கள் றேடியோவுக்கு நேரோட்டம் வேண்டும். நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் வைத்து ஒட்டி, காசு வாங்காமல் தந்தார். சைக்கிளைக் கவிழ்த்துவிட்டுப் பெடலைக் கையால் சுற்றினால் பாட்டு வரும். சுற்றுவது குறைந்தால் நாடா இழுபடும், குரல் கீழே போகும். வேகம் கூடினால் கீச்சிடும். ஒரே சீராகச் சுற்ற வேண்டும்.

சுற்றியவர் என் அண்ணா. அவருக்கு இந்தப் பாட்டுகள் பிடிக்காது. இளையராஜாவைத் தவிர வேறெதுவும் அவர் காதுக்கு ஏறாது. ஆனாலும் குப்பி விளக்கு வெளிச்சத்தில், விறாந்தையில் குந்தியிருந்து, எனக்காகச் சுற்றினார். கை மாற்றும்போது குரல் ஒரு கணம் தளும்பும். பல வருடங்களுக்குப் பிறகு அதே பாட்டைக் கொழும்பில் நல்ல பெட்டியில் கேட்டேன். அந்தத் தளும்பல் இல்லாதது எனக்குக் குறையாகப் பட்டது. அண்ணா, ஸ்காபரோவில் காலை ஏழரைக்கு எழும்பி, இரவு வேலைக் களைப்போடு அந்த மாலை முழுவதும் வீடியோவில் இருந்தீர்கள். இப்போதும் உங்களுக்கு அந்தப் பாட்டுகள் பிடிக்காது என்று தெரியும். நன்றி அண்ணா.

ஆங்கிலம் படிப்பித்த ரீச்சர் இல்லாவிட்டால் சொற்கள் எனக்கு வெறும் ஓசையாகவே இருந்திருக்கும். வரி வரியாகக் கேட்டு, கொப்பித் தாளில் எழுதித் தந்தார். 1991 நவம்பரில் ஒரு காலை என்னை வகுப்புக்கு வெளியே கூப்பிட்டு, பிபிசியில் கேட்டதாகச் சொன்னார்: "உன்ர பாட்டுக்காரன் போயிட்டாரடா." தனக்கு எயிட்ஸ் என்று 23ஆம் திகதி அறிவித்தார், அடுத்த நாளே இறந்துபோனார். வயது 45. அந்த நோயின் பெயரைச் சொல்லவே ஆட்கள் குரலைத் தாழ்த்திய காலம். ரீச்சர் தாழ்த்தவில்லை. 82 வயதில் ஓட்டோ பிடித்து வந்து முன்வரிசையில் இருந்தீர்களே ரீச்சர், அதுவே எனக்குப் பெரிய ஆசீர்வாதம்.

அதே துணிவோடு பேசிய ஓய்வுபெற்ற தாதி அக்காவுக்கும் நன்றி. பலனுள்ள கூட்டு மருந்துச் சிகிச்சை 1996இல்தான் வந்தது என்று நீங்கள் சொன்னபோது மண்டபம் அடங்கிப்போனது. பிரெடி போய் ஐந்து வருடம் கழித்து. இன்று அரச வைத்தியசாலைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், பெயர் வெளியே போகாது என்று இளம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். 1992 ஏப்ரலில் வெம்பிளியில் அவருக்காக நடந்த நிகழ்ச்சியின் பணத்தில் இந்த நோய்க்கு எதிரான அறக்கட்டளை தொடங்கினார்கள். நாங்கள் பணம் சேர்க்கவில்லை. உங்கள் பத்து நிமிடப் பேச்சு எங்களுடைய பங்காக இருக்கட்டும்.

1995 ஒக்ரோபர் 30. முஸ்லிம் மக்களை வெளியேறச் சொன்ன அதே திகதி, ஐந்து வருடம் கழித்து. வலிகாமத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த அந்த மழை இரவை இங்கே யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. பாண் சுற்றி வந்த பொலித்தீன் பையில் கசெற்றைக் கட்டி இடுப்பில் செருகியிருந்தேன். சாவகச்சேரியில் எங்களுக்கு மாட்டுக்கொட்டிலின் பாதியை ஒதுக்கித் தந்த குடும்பத்துக்கு அன்றும் நன்றி சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஊருக்குத் திரும்பியபோது கூரையில் ஓடும் இல்லை, றேடியோவும் இல்லை. கசெற் இருந்தது.

தேவாலயப் பாடகர் குழுவைப் பழக்கும் மாஸ்ரருக்கு நன்றி. 1975இல் வந்த "பொஹீமியன் ராப்சொடி" என்ற ஆறு நிமிடப் பாட்டின் நடுவில் ஒரு பெருங்கூட்டமே பாடுவது போல இருக்கும். உண்மையில் பிரெடி, குழுவிலிருந்த பிரையன் மே, ரோஜர் ரெய்லர் மூன்று பேரும் தங்கள் குரல்மேல் குரலாகத் திரும்பத் திரும்பப் பதிந்தது அது. பதிந்து பதிந்து நாடா தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது என்று பிரையன் மே சொல்லியிருக்கிறார். "மூண்டு பேர் பாடினதுக்கு எனக்குப் பன்னிரண்டு பேர் வேணும்" என்று மாஸ்ரர் சிரித்தார். ஆறு கிழமை, ஞாயிறு பூசைக்குப் பிறகு, பன்னிரண்டு பிள்ளைகளும் பசியோடு நின்று பழகினார்கள். நடுப்பகுதி முடிந்து பியானோ தனியாக இறங்கும் இடத்தில் நான் பின்கதவால் வெளியே போய் மழையில் நின்றேன். ஏனென்று கேட்ட தங்கைக்கு அப்போது சொல்ல முடியவில்லை.

தவில் அண்ணைக்கு என்ன சொல்வது! சபையே சேர்ந்து தாளம் போடட்டும் என்று குயின் குழு செய்த பாட்டு ஒன்று இருக்கிறது, "வி வில் றொக் யூ". காலால் இரண்டு தட்டு, கையால் ஒன்று. பதிவு செய்தபோது ட்ரம்ஸ் வைக்கவில்லை. பலகையில் மிதித்துத்தான் அந்தச் சத்தத்தை எடுத்தார்கள். நீங்கள் ஒருதரம் கேட்டுவிட்டு, அதே மூன்று அடியை அப்படியே விட்டு, இடைவெளியில் மட்டும் மெல்ல விரலோட்டினீர்கள். இன்னும் அடிக்கலாம் என்று தெரிந்தும் அடக்கி வாசிப்பது வித்துவானுக்கே வரும்.

புறொஜெக்ரர் தந்த ரியூசன் சேருக்கு நன்றி. லைவ் எய்ட் நிகழ்ச்சியில் குயின் பாடியதைத் திரையில் போட்டோம்: 1985 ஜூலை 13, வெம்பிளி, 72 ஆயிரம் பேர், இருபத்தொரு நிமிடம். பிரெடி "ஏ…ஓ" என்று குரலெடுக்க அரங்கம் திருப்பிப் பாடும் இடத்தில், எங்கள் மண்டபத்தில் ஒரு சின்னப் பிள்ளை மட்டும் திருப்பிப் பாடியது. பிறகு நாங்கள் எல்லோரும்.

தறப்பாள் கட்டிய பெடியள், திறப்போடு மூன்று மணிக்கே வந்த தலைவர், வாய்ப்பனும் இஞ்சித் தேத்தண்ணியும் தந்த மாமிமார், சவுண்ட் செற் அண்ணை, எல்லோருக்கும் நன்றி. சைக்கிள் கடை மாமா இன்று இல்லை. அவருடைய மகன் பழைய டைனமோ ஒன்றைத் தேடியெடுத்து, மேடையில் சைக்கிளைக் கவிழ்த்து, தகப்பன் செய்தது போலவே வயர் பூட்டினார். பிள்ளைகள் வரிசையில் நின்று மாறி மாறிச் சுற்றினார்கள். குரல் இழுபட்டது, கீச்சிட்டது, பிறகு சரியான வேகத்துக்கு வந்தது.

அதில் ஓடியது அந்தக் கசெற்தான். அதற்கு உரியவன் மூன்றாம் வரிசையில் இருந்தான். பழைய வகுப்பு நண்பர்களின் வட்ஸப் குழுவில் இரண்டு வருடங்களுக்கு முன் அவனைக் கண்டுபிடித்தோம். புத்தளத்திலிருந்து மகளோடு பஸ்ஸில் வந்தான். பாட்டு முடிந்ததும் கசெற்றை எடுத்து அவன் கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுடைய மாமாவின் கையெழுத்து இன்னும் அழியவில்லை.

"ஒரு கிழமையெண்டு சொல்லித்தானேடா தந்தனான்" என்றான். பிறகு இரண்டு பேராலும் பேச முடியவில்லை.

மகள்தான் கேட்டாள், இதை எதில் போட்டுக் கேட்பது என்று. சைக்கிள் கடை மாமாவின் மகன் ஒன்றும் சொல்லாமல் டைனமோவையும் றேடியோவையும் ஒரு மட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிக் கொடுத்தார். அவர்கள் புத்தளம் பஸ் ஏறும்போது அந்தப் பெட்டி அவளுடைய மடியில் இருந்தது.

அன்புடன்,
கொக்குவிலிலிருந்து ஒரு ரசிகன்