டீலர் மீட்டும் நம்ம எக்ஸும் ஒய்யும்

மாப்ள,

வீட்ல எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, பெரியவன் ப்ளஸ் ஒன்ல காமர்ஸ் எடுத்துட்டான். மொட்டை மறுபடியும் தொழில் மாத்திட்டான், இப்ப செல்போன் கவர் விக்கிறான், எத்தனை மாசம் தாங்கும்னு பந்தயம் கட்டலாம் வா.

விஷயத்துக்கு வர்றேன். பெரிய மீசை சார் நம்ம ரெண்டு பேரையும் பெஞ்சு மேல ஏத்திவிட்டு "மைனஸால வகுத்தா வாய் திரும்பும்டா"ன்னு கத்துவாரே (வாய்னா அந்த ≤, ≥ குறி), அந்த அசமன்பாடு எங்க ஆபீஸ்ல சோறு போட்ருச்சுடா. சிரிக்காத, முழுசா படி.

சீசனுக்கு முன்னாடி வருஷா வருஷம் எங்க மோட்டார் விக்கற கடைக்காரங்களக் கூப்பிட்டு டீலர் மீட் நடத்துவோம்ல, இந்த தடவை மொதலாளி வரியெல்லாம் சேர்த்து 8 லட்சம், ஒத்த ரூபா மேல போகக்கூடாதுன்னு சொல்லிட்டு அதை என் தலைல கட்டிட்டாரு. சேல்ஸ்காரங்க குடுத்த லிஸ்ட்ல உள்ளூர் 150, வெளியூர் 90. சரி, யார் வந்தாலும் வராட்டியும் போற காசு எவ்வளவுன்னு மொதல்ல பாத்தேன். ஹால் 1,50,000, அதுக்கு 18 பர்சன்ட் ஜிஎஸ்டி போட்டா 1,77,000 (இன்புட்டுன்னு அந்த வரி அப்புறம் திரும்ப வரும், அது வேற கணக்கு, அன்னைக்கு கைல இருந்து போறது இதுதான்). ஸ்டேஜ், எல்இடி, மைக் செட் 85,000, போட்டோ வீடியோ 30,000, பேனர் அது இதுன்னு 28,000, ஆத்திர அவசரத்துக்கு 40,000. ஆக 3,60,000 போச்சு, மிச்சம் 4,40,000. அப்புறம் தலைக்கு எவ்வளவு? பிளேட் 600, கேட்டரிங்காரருக்கு 5 பர்சன்ட் வரியோட 630, கிஃப்ட் 750, ஃபைல் பேனா பேட்ஜ் 120, ஆக உள்ளூர்காரர்னா 1,500. வெளியூர்காரர்னா ரெண்டு பேருக்கு ஒரு ரூம்னு வச்சாலும் ராத்திரி டிபனோட இன்னொரு 2,000 ஏறும், மொத்தம் 3,500.

உள்ளூரை எக்ஸ்னும் வெளியூரை ஒய்னும் வச்சு எழுதினா 1500எக்ஸ் + 3500ஒய் ≤ 4,40,000, எல்லாத்தையும் 500ஆல வகுத்தா 3எக்ஸ் + 7ஒய் ≤ 880, எவ்ளோ அழகா வந்து உக்காருது பாரு, எனக்கு அங்கயே பாதி சந்தோஷம். ஆனா பட்ஜெட் மட்டும் இல்லையே, ரவுண்ட் டேபிள் போட்டா ஹால்ல 220 பேருக்கு மேல உக்கார முடியாது, அது தாண்டக்கூடாத ஒரு கோடு. கேட்டரிங்காரர் மினிமம் கேரண்டி 200 பிளேட்டுங்கறாரு, 170 பேர் வந்தாலும் 200க்கு காசு எண்ணி வைக்கணும், அது இன்னொரு கோடு, அதோட வாய் மட்டும் எதிர்பக்கம். எல்லாரும் பட்ஜெட்டுன்னா 'இதுக்கு மேல கூடாது'ன்னுதான் யோசிக்கிறாங்க, 'இதுக்கு கீழ போகக்கூடாது'ன்னு ஒண்ணு இருக்கறத எவனும் பாக்கறதில்ல, காசு ஒழுகறது அங்கதான்.

லிஸ்ட்ல இருக்கற 90 வெளியூரையும் வச்சா என்ன ஆகுதுன்னு எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்த எம்பிஏ பையன் போட்டான். 90 பேருக்கு 3,15,000 போக மிச்சம் 1,25,000, அதனால 1,25,000 − 1500எக்ஸ் ≥ 0, இது வரைக்கும் சரி. அப்புறம் மைனஸ் 1500ஆல வகுத்துட்டு வாயத் திருப்பாம விட்டுட்டான், அதனால எக்ஸ் ≥ 83ன்னு வந்துருச்சு. அதாவது குறைஞ்சது 83 உள்ளூர்காரங்க வரணும், மேல எத்தனை ஆயிரம் வந்தாலும் பட்ஜெட் தாங்கும்! இத பவர்பாயின்ட்ல போட்டு மொதலாளிகிட்ட காட்டவும் கிளம்பிட்டான். மீசை சார் ஆவி வந்து அவன பெஞ்சு மேல ஏத்தியிருக்கணும். வாயத் திருப்பினா 83.33, அதுவும் கீழதான் இறங்கணும், 83 பேர்தான். 84ஆவது ஆளுக்கு மூணுல ஒரு பங்கு பிரியாணி போட முடியாதுல்ல. 83ம் 90ம் 173, மினிமம் கேரண்டில 27 பிளேட் வீண், 630ஆல பெருக்கு, 17,010 ரூபா குப்பைல.

இங்கதான் சின்ன மொதலாளி உள்ள வந்தாரு. ஒரு வெளியூர்காரர குறைச்சா ரெண்டு உள்ளூர்காரர் வரலாம், மிச்சமும் வருது, அதனால டர்ன்ஓவர் கம்மியா இருக்கற வெளியூர் டீலரையெல்லாம் வெட்டிடலாம், 60 போதும்னாரு. கணக்கு தப்பில்ல மாப்ள, அதுதான் கொடுமை. 150ம் 60ம் போட்டுப் பாரு, 450 + 420, 870தான் ஆகுது, ஆளு 210, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நிக்குது, 5,000 ரூபா கைல மிஞ்சுது. பேப்பர்ல பாத்தா குறையே சொல்ல முடியாது.

எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. வெட்டற அந்த 30ல சங்கரன்கோவில் பெரியவர் இருக்காரு, உனக்கு அவரத் தெரியும், நம்ம ரெண்டு பேரும் போனப்ப இலை போட்டு உக்கார வச்சாரே, அவரேதான். எங்க மோட்டார் ஒரு லாட் முழுக்க காயில் எரிஞ்சப்ப தோட்டம் தோட்டமா போய் சொந்தக் காசுல மாத்திக் குடுத்த மனுஷன். இப்ப வயசாச்சு, பையன் பெங்களூர்ல, கடை ஏதோ ஓடுது. அவரு இந்த மீட்டுக்குன்னே புது வேட்டி எடுப்பாருடா. எக்ஸலுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நாம எழுதின கோட்டத்தான் அது பாக்கும். அப்ப அந்தக் கோட்டையும் நாமதான எழுதணும்?

எழுதினேன். ஒய் = 90, இதுல பேச்சே இல்லன்னு மொத வரில போட்டுட்டு, வேற எதை நகர்த்தலாம்னு பாத்தேன். ஹால் நகராது, பிளேட்ல கை வச்சா சாப்பாட்ட கெடுத்துட்டோம்னு அடுத்த வருஷம் வரைக்கும் பேசுவாங்க. கிஃப்ட்டு? 750 ரூபா ஹாட்பாக்ஸ் செட்டு, வந்தவன் பாதிப் பேரு டிரைவர்கிட்ட குடுத்துட்டுப் போறான். 550க்கு நல்ல ஃபிளாஸ்க் கிடைக்குது. 200 குறைஞ்சா 1300எக்ஸ் + 3300ஒய் ≤ 4,40,000. ஒய்க்கு 90 போடு, 2,97,000 போயிரும், மிச்சம் 1,43,000, 1300ஆல வகுத்தா எக்ஸ் ≤ 110. 110ம் 90ம் சரியா 200! மினிமம் கேரண்டி கோட்டு மேலயே வந்து நிக்குதுடா, நான் சேர்லருந்து எந்திரிச்சிட்டேன். உள்ளூர் 150 எப்படி 110 ஆச்சுன்னு கேப்ப, லிஸ்ட்ட பிரிச்சுப் பாத்தா அப்பன் பையன் மச்சான்னு ஒரே கடைல ரெண்டு மூணு பேரு, கடைக்கு ஒருத்தர்னு வச்சா தானா குறைஞ்சிருச்சு. அதுல ரெண்டு மச்சான்கள் இப்பவே கோவமா இருக்காங்க, பாத்துக்கலாம்.

சின்ன மொதலாளி பாத்துட்டு 'ஸ்கூல் கணக்கு போட்டு வந்திருக்கீங்களா'ன்னாரு. எனக்கு சுருக்குன்னுச்சு. இதே மாதிரி கோடுகளுக்குள்ள எது சிறந்ததுன்னு தேடற வித்தைய ரஷ்யாவுல லெனின்கிராட்ல பிளைவுட் மெஷினுக்கு வேல பிரிச்சுக் குடுக்கறதுக்காக 1939லயே கண்டோரோவிச்னு ஒருத்தர் எழுதினாரு, 1975ல அவருக்கு நோபல் குடுத்தாங்கன்னேன். பெரியவன் புக்ல லீனியர் புரோகிராமிங் பாத்துட்டு நெட்ல தேடிப் படிச்சது, கரெக்டா வேலைக்கு ஆச்சு. பெரிய மொதலாளி சிரிச்சாரு, கையெழுத்து போட்டாரு.

ஒரே ஒரு பயம், கைல மிச்சம் பூஜ்யம். ஒருத்தர் கூட எக்ஸ்ட்ராவா வந்தா அந்த 40,000ல கை வைக்கணும். நம்ம ஆளுங்க கூப்பிடாமலே வர்றதுல கெட்டிக்காரங்க.

உன் கம்பெனி ஆனுவல் டேக்கு நீதான் பொறுப்புன்னு கேள்விப்பட்டேன். கொட்டேஷன் வாங்கறப்ப 'பிளஸ் ஜிஎஸ்டி'யா 'சேர்த்து'வான்னு மொதல்ல கேளு, மினிமம் கேரண்டி எத்தனைன்னு எழுதி வாங்கு, வாங்கிட்டு அனுப்பு, நான் கோடு போட்டுத் தர்றேன். மொட்டைகிட்ட சொல்லிராத, 200 செல்போன் கவர் கிஃப்ட்டா குடுக்கலாம்னு ஆரம்பிச்சிருவான்.

உன் பெஞ்ச் பார்ட்னர்