ஈரநிலத்தின் எல்லையை மண்ணைத் தோண்டிப் பார்த்து வரைய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் எல்லை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவரும் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். 2022இல் ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட 1,247.54 ஹெக்டேர் பரப்பு எந்தெந்த சர்வே எண்களில் அடங்குகிறது என்ற கேள்வி நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. இந்த விவாதத்தில் செயற்கைக்கோள் படமும் வருவாய்த்துறைப் பதிவேடும் பேசப்படும் அளவுக்கு அந்த இடத்து மண் பேசப்படவில்லை என்பது, மண்ணாய்வுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற எனக்கு மிகுந்த கவலை அளிக்கிறது.

படம் எடுத்த நாளில் அங்கே நீர் நின்றதா என்பதைத்தான் செயற்கைக்கோள் காட்டும். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் நம் கடலோரச் சதுப்புகளின் ஓரங்கள் வைகாசியில் வெடித்துக் கிடக்கும். மழை பொய்த்த ஆண்டில் கார்த்திகையிலும் அப்படியே கிடக்கும். ஆனால் ஆண்டுதோறும் நீர் தேங்கியதன் தடயம் மண்ணில் இருக்கும். மண்ணில் காற்று அற்றுப்போகும்போது நுண்ணுயிரிகள் இரும்பை நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. அது அரித்துச் செல்லப்பட்டதும் மண் சாம்பல் நிறமாகிறது. கோரையின் வேர் வழியாகக் காற்று இறங்கும் இடத்தில் மட்டும் இரும்பு மீண்டும் துருவாகப் படிகிறது. ஒரு முழம் ஆழத்தில் எடுத்த மண்கட்டியைக் கையால் பிளந்தால், சாம்பல் நிறக் களியினூடே வேர்த்தடங்களை ஒட்டிச் செங்காவிக் கோடுகள் ஓடுவதைக் கண்ணாலேயே காணலாம்.

எல்லா ஈரநில மண்ணும் இவ்வளவு தெளிவாக அடையாளம் காட்டிவிடுவதில்லை என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. கருங்களியில் மண்ணின் இயல்பான கருமையே சாம்பல் நிறத்தை மறைத்துவிடும். கடலோர மணலில் இரும்பு மிகக் குறைவு என்பதால், நிறம் மாறுவதற்கே அங்கு ஒன்றும் இல்லை. மணல் துகள்களில் படிந்த மட்கின் கறையைத்தான் தேட வேண்டும். களர் நிலத்தில் காரத்தன்மை மிகுந்திருப்பதால் இரும்பு எளிதில் கரையாது. பள்ளிக்கரணையின் ஓரங்களில் இவற்றையெல்லாம்விடப் பெரிய தடை, கொட்டப்பட்ட கட்டட இடிபாடும் குப்பையும்தான். மேலே கிடக்கும் கிராவலைப் பார்த்து மேட்டுநிலம் என்று குறித்துக்கொண்டு போகாமல், கொட்டிய அடுக்கு முழுவதையும் துளைத்துப் பழைய தரைமட்டத்தை எட்டிய பிறகே அது எத்தகைய நிலம் என்று சொல்ல முடியும்.

எதிர்ப்புறத்துத் தவறுக்கும் இடமுண்டு. வடிகால் வெட்டப்பட்டு எப்போதோ வறண்டுபோன நிலத்திலும் பழைய துருக்கறைகள் இருக்கும். கறையின் விளிம்பு மங்கலாகக் கரைந்திருந்தால் அது பெரும்பாலும் இன்றும் நடக்கும் மாற்றம். கூர்மையாக வெட்டினாற்போல் இருந்தால் பழைய காலத்தது. கடன் வாங்கி மனை வாங்கியவரின் வாழ்நாள் சேமிப்பு இதில் அடங்கியிருப்பதால், இந்த வேறுபாட்டை அறிந்தவர்களே களத்தில் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டுக் கையேட்டின்படி நீர், தாவரம், மண் ஆகிய மூன்றையும் சேர்த்தே ஈரநிலம் வரையறுக்கப்படுகிறது. அதன் வட்டாரத் துணைநூல்களில், அடையாளம் காணக் கடினமான இடங்களுக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. நம்முடைய 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளோ, மண்ணை வைத்து ஓரத்தை வரையறுக்கும் முறை எதையும் கூறவில்லை. விதிகள் திருத்தப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சதுப்பின் உள்ளிருந்து மேட்டை நோக்கிக் கோடு கோடாகக் குழிகள் தோண்டி, ஈரமான மண்ணை, நிறங்களை வரிசைப்படுத்திக் குறியீடு தந்திருக்கும் மன்செல் நிற அட்டையுடன் ஒப்பிட்டுப் பதிவு செய்யலாம். ஐயமுள்ள குழிகளில், கரைந்த இரும்பு இருந்தால் சிவப்பாக மாறும் டைபிரிடில் கரைசலை இட்டுப் பார்க்கலாம். இச்சோதனையை மழைக்காலத்தில், மண் நீரில் ஊறியிருக்கும்போது செய்ய வேண்டும். கோடையில் நிறம் மாறவில்லை என்பதை வைத்து ஒரு நிலத்தை ஈரநிலம் அல்ல என்று தள்ளிவிடக் கூடாது.

ஒவ்வொரு குழியின் அமைவிடம், தோண்டிய நாள், ஆழவாரியான நிறம், புகைப்படம் ஆகியவற்றை, இறுதி வரைபடத்தை வெளியிடும் முன்பே தமிழில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்குமாறு அரசை வலியுறுத்தத் தங்கள் நாளிதழ் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மண்ணாய்வாளர் ஒருவர்,
தாம்பரம்.