முதலில் வராத பிள்ளைக்கும் டைமிங் எழுதுங்கள்

பெங்களூரில் பள்ளித் தடகளப் போட்டிகளை நடத்தும் அதிகாரிகளுக்கும், மைதானத்தில் வெயிலில் நிற்கும் பி.டி. மாஸ்டர்களுக்கும் டீச்சர்களுக்கும்,

வணக்கம்.

நான் அல்சூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், 200 மீட்டர் ஓடுகிறாள். விடிகாலை ஐந்தரை மணிக்கு அவளை ஸ்கூட்டரில் கண்டீரவா ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போவேன். அவள் பயிற்சி முடிக்கும்வரை காலரியில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருப்பேன். இப்படியே இரண்டு வருடம் ஆகிவிட்டது.

பள்ளிப் போட்டிகளில் முதலில் வராத பிள்ளைகள் ஓடிய நேரத்தையும் எழுதி வையுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். இதே விஷயத்தைக் கன்னடத்தில் மனுவாகவும் கொடுக்கிறோம். தமிழில் எழுதக் காரணம், என்னோடு காலரியில் உட்காருகிற அம்மா அப்பாக்களில் பலர் மர்ஃபி டவுன், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம் பக்கத்துத் தமிழர்கள். அவர்களும் படித்துவிட்டுச் சேர்ந்து கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

போன வருடம் எங்கள் தாலுகா போட்டி நடந்தது. எந்த மைதானம், யார் நடத்தியது என்று எழுதப் போவதில்லை. ஒருவரைக் குற்றம் சொல்லி ஆகப்போவது எதுவும் இல்லை, எல்லா இடத்திலும் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. மண் தரை, சுண்ணாம்புக் கோடு, ஆறு லேன். 17 வயதுக்குட்பட்ட பெண்கள் 200 மீட்டருக்கு ஆறு ஹீட், அதாவது ஃபைனலுக்கு ஆள் எடுக்கும் ஆறு முதல் சுற்று ஓட்டம், வைத்தார்கள். ஒவ்வொரு ஹீட்டிலும் முதலில் வருகிறவள் மட்டும் ஃபைனலுக்கு. ஃபைனலில் முதல் இரண்டு பேர் மாவட்டத்துக்கு. அதற்கு மேல் டிவிஷன், மாநிலம், கடைசியில் தேசியப் பள்ளி விளையாட்டுகள். அத்தனை படிக்கும் முதல் படி இந்தச் சுண்ணாம்புக் கோடுதான்.

என் மகளுக்கு இரண்டாவது ஹீட். அதே ஹீட்டில் விளையாட்டு விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண்ணும், வேறொரு பள்ளியிலிருந்து வந்து வெறுங்காலோடு ஓடிய ஒரு பெண்ணும் இருந்தார்கள். விடுதிப் பெண் முதலிடம், வெறுங்கால் பெண் இரண்டாவது, என் மகள் மூன்றாவது. கோட்டில் நின்ற சார் முதல் பெண்ணின் தோளைப் பிடித்து நிறுத்தி, கையில் ஒரு சீட்டைக் கொடுத்து மேசைக்கு அனுப்பினார். மற்ற ஐந்து பேர் பக்கம் யாரும் திரும்பவில்லை. முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என் மகள் நிமிர்ந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “அம்மா, டைமிங் எவ்ளோ?”

என் போனில் 27.4 இருந்தது. மேசையில் போய்க் கேட்டேன். “ஃபர்ஸ்ட் வந்தவங்களுது மட்டும்தான் எழுதுவோம்மா” என்றார் நோட்டு வைத்திருந்தவர். மரியாதையாகத்தான் சொன்னார்.

சரி என்று, மிச்ச ஹீட்டுகளையும் அதே இடத்தில் நின்று அதே போனில் எடுத்தேன். நான்காவது ஹீட்டில் முதலில் வந்த பெண் 28.1 ஓடியிருந்தாள். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, தன்னோடு ஓடியவர்களை ஜெயித்துத்தான் போனாள். ஆனால் என் மகளுக்கும் அவளுக்கும் 0.7 விநாடி வித்தியாசம். அந்த வேகத்தில் அது ஐந்து மீட்டர். என் விரல் இப்படி அப்படிக் கால் விநாடி தவறியிருந்தாலும் ஐந்து மீட்டர் மறைந்துவிடாது. வெறுங்கால் பெண்ணோ 27.1. ஃபைனலில் அவள் இருந்திருந்தால் மாவட்டத்துக்கே போயிருப்பாள் என்று நினைக்கிறேன். “27.1 ஓடியிருக்கேம்மா” என்று அவளிடம் சொல்லத் தேடிப் போனேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவள் பள்ளி வேன் கிளம்பிவிட்டது. தான் எவ்வளவு வேகமாக ஓடினோம் என்று அந்தப் பிள்ளைக்கு இன்றுவரை தெரிந்திருக்காது.

அவளுக்காகத்தான் இந்த மடல். என் மகளுக்காவது போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவர ஒரு அம்மா இருந்தாள்.

ஒலிம்பிக்கின் ஹீட் முடிவுகளில் பெயருக்குப் பக்கத்தில் க்யூ (Q) என்ற ஆங்கில எழுத்தைப் போட்டிருப்பார்கள். பெரிய க்யூ என்றால் இடத்தைப் பிடித்துத் தகுதி பெற்றவர். சின்ன க்யூ என்றால் இடம் கிடைக்காவிட்டாலும் நேரத்தால் தகுதி பெற்றவர். பலமான ஹீட்டில் மாட்டிக்கொண்டவருக்கு நியாயம் செய்யத்தான் அந்தச் சின்ன க்யூ. நான் கேட்பது அதைத்தான். ஆறு ஹீட்டில் முதலில் வந்த ஆறு பேரோடு, அவர்களுக்கு அடுத்து வேகமாக ஓடிய ஆறு பேரையும் எடுத்து, அரையிறுதி போல இரண்டு ஓட்டம் வையுங்கள். ஐந்து நிமிட வேலை. அதற்கு எல்லாருடைய நேரமும் நோட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எழுதாததால் வரும் இன்னொரு கெடுதலும் உண்டு. பெரிய போட்டிகளில் முந்தைய நேரங்களை வரிசைப்படுத்தி, வேகமானவர்கள் ஒரே ஹீட்டில் குவியாதபடி வளைத்து வளைத்துப் பிரித்துப் போடுவார்கள். நம்மிடம் முந்தைய நேரமே இல்லை. அதனால் பள்ளிப் பெயர் வந்த வரிசையில் ஹீட் போடுகிறோம். வேகமான மூன்று பேர் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். அவர்களில் இரண்டு பேருடைய நேரம் மறுபடி எழுதப்படாமல் போகிறது. அடுத்த வருடமும் இதே கதைதான்.

கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்தி எடுக்கும் நேரத்தை நம்ப முடியாது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் துப்பாக்கிச் சத்தம் வந்து சேரக் கிட்டத்தட்ட 0.3 விநாடி ஆகிறது. அதனால்தான் சத்தத்தைக் கேட்டு அழுத்தாமல் புகையைப் பார்த்து அழுத்தச் சொல்கிறார்கள். துப்பாக்கி இல்லாமல் கட்டைக் கிளாப்பர் அடிக்கும் இடத்தில், இரண்டு பலகையும் ஒட்டுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அப்படியும் கை சற்றுப் பிந்தும் என்று தெரிந்துதான், 100, 200 மீட்டரில் கை நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிடும்போது 0.24 விநாடி சேர்ப்பது வழக்கம். குறை எவ்வளவு என்று தெரிந்த அளவு அது. ஒரே மைதானத்தில், ஒரே நாளில் ஓடிய பிள்ளைகளை ஒப்பிட அது தாராளமாகப் போதும்.

இந்த நாட்டில் எல்லாரும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படும் இரண்டு ஓட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1960 ரோம், மில்கா சிங், 400 மீட்டர். 1984 லாஸ் ஏஞ்சலஸ், பி.டி. உஷா, 400 மீட்டர் தடை ஓட்டம். இரண்டு பேரும் நான்காவது. உஷா 55.42, மூன்றாவதாக வந்தவர் 55.41. அந்த நூறில் ஒரு பங்கு விநாடியை நாம் இன்னும் பேசுகிறோம் என்றால், நான்காவதாக வந்தவரின் நேரத்தையும் அன்றைக்கு ஒருவர் அளந்து எழுதினார் என்பதால்தான். மில்காவின் நேரம் கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச்சில் 45.6, மின்னணுவில் 45.73. அது 1998-இல் பரம்ஜீத் சிங் 45.70 ஓடும்வரை 38 வருடம் தேசியச் சாதனையாக நின்றது. அத்தனை வருடமும் இந்தியாவில் 400 மீட்டர் ஓடிய ஒவ்வொரு பையனுக்கும் எட்டிப் பிடிக்க ஒரு எண் இருந்தது. எங்கள் தாலுகா மேசையில் அந்த எண்ணை எழுதியிருக்க மாட்டார்கள்.

ஜமைக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மொத்த நாட்டுக்கும் முப்பது லட்சத்துக்குக் குறைவான மக்கள். நம் பெங்களூரில் ஒரு மூலைக்குக் காணாது. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘சாம்ப்ஸ்’ என்று ஒரு போட்டி 1910-இலிருந்து நடக்கிறது. உசைன் போல்ட் 2003-இல் அதில் ஓடியபோது 200 மீட்டரை 20.25 விநாடியில் முடித்தார். அந்தப் போட்டிக்குள் நுழைய ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் தகுதி அளவு உண்டு. மார்ச்சில் சாம்ப்ஸ் என்றால், அதற்கு முந்தைய மாதங்களில் வாராவாரம் நடக்கும் சிறு போட்டிகளில் பிள்ளைகள் அந்த அளவைத் தொட்டுவிடப் பார்ப்பார்கள். ஒரு நாள் காய்ச்சலில் ஓட முடியாவிட்டால் அடுத்த வாரம் இருக்கிறது. நமக்கு ஆகஸ்ட் மழையில் ஒரே ஒரு காலை. அதுவும் பல சமயம் முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில்தான் தெரியவரும்.

எல்லாத் தாலுகாவிலும் ஒரே மாதிரி டிராக் கிடையாது, 200 மீட்டர் சுற்றுள்ள மண் மைதானத்து நேரத்தை, ரப்பர் போலத் தரை போட்ட சிந்தெடிக் டிராக் நேரத்தோடு ஒப்பிடக் கூடாது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்: மாவட்டப் போட்டிக்கு முன்னால் ஒரே ஒரு நாள், சிந்தெடிக் டிராக்கில், மின்னணுக் கருவி வைத்து, எல்லாத் தாலுகாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒரு ஓட்டம் வையுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தகுதி நேரத்தை ஜூனிலேயே அறிவித்துவிடுங்கள். தாலுகாவில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் எப்போதும் போல மாவட்டத்துக்குப் போகட்டும். அந்த நேரத்தைத் தொட்டவர்களும் கூடவே போகட்டும். யாருடைய இடத்தையும் பிடுங்கச் சொல்லவில்லை.

இதற்கு ஆகும் பணத்தைப் பற்றி நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் தாலுகா மைதானத்தில் லேனுக்கு ஒரு ஸ்டாப்வாட்ச் என்பதற்கு உங்களிடம் பணமோ ஆளோ இல்லை என்றால், அதை எங்களிடம் விடுங்கள். ஆறு வாட்ச் நாங்கள் வாங்கி வருகிறோம். ஆறு பெற்றோர் நிற்கிறோம். எங்கள் பிள்ளை ஓடும் ஹீட்டில் நாங்கள் வாட்ச் பிடிக்க மாட்டோம், அதற்கு வேறு ஆள் மாறிக்கொள்வோம். பார்த்த நேரத்தை உங்கள் நோட்டில் உங்கள் கையால் எழுதிக்கொள்ளுங்கள். ஓடி முடித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, வேன் கிளம்புவதற்கு முன்னால் கையில் கொடுத்துவிடுகிறோம்.

எந்த மைதானம், எத்தனை மணி என்று மட்டும் சொல்லுங்கள். அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
200 மீட்டர் ஓடும் ஒரு பெண்ணின் அம்மா,
அல்சூர், பெங்களூரு