சேர்வராயன் மலையில் சைக்கிள் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டவும் சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கவும் கற்றுக்கொண்டு, இப்போது மலைச் சைக்கிள் அணி ஒன்றின் மெக்கானிக்காக இருக்கும் நான், ஏற்காட்டைச் சுற்றி நீங்கள் நடத்தும் போட்டிகளில் எங்களுக்கு ஒதுக்கப்படும் இடத்தைப் பற்றி எழுதுகிறேன். கேட்பது இதுதான்: பழுதுபார்க்கும் எல்லையைச் சைக்கிள் பழுதாகும் இடத்துக்குப் பக்கத்தில் அமையுங்கள்.

சென்ற முறை அது தொடக்கக் கோட்டை ஒட்டி, வண்டிகள் நிறுத்த வசதியான சமதளத்தில், பரிசளிப்புப் பந்தலுக்குப் பின்னால் இருந்தது. சமதளத்தில் சைக்கிள் உடைவது அபூர்வம். காப்பித் தோட்டத்துக்குள் சில்வர் ஓக் வேர்களும் கற்களும் குறுக்கிடும் அந்த இறக்கத்தில்தான் எங்கள் அணியின் இளைய வீரர் இரண்டாவது சுற்றில் வலப்பக்கமாக விழுந்தார். ஹேங்கர் உள்நோக்கி வளைந்து, டீரெயிலர் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் கியர் கருவி) ஸ்போக்ஸில் சிக்கிக்கொண்டது.

ஹேங்கர் என்பது டீரெயிலரைச் சைக்கிளின் சட்டத்தோடு (ஃபிரேம்) பிணைக்கும், விரல் நீளமே உள்ள ஓர் அலுமினியத் துண்டு. அடி விழுந்தால் விலை உயர்ந்த சட்டம் உடையாமல் தான் வளைந்துகொடுக்க வேண்டும் என்பதற்காகவே அதை மெலிதாகச் செய்கிறார்கள். பல சட்டங்களுக்கு அதன் வடிவம் வேறுபடுவதால் பக்கத்து அணியிடம் கைமாற்று வாங்கலாம் என்று நம்பியிருக்கவும் முடியாது. அதனால் போட்டி நாளில் இரண்டு ஹேங்கர்களைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன், அன்றும் வைத்திருந்தேன். சக்கரத்தைக் கழற்றி, பழையதை எடுத்து, புதியதை முடுக்கி, கியரைச் சரிபார்க்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். அவர் விழுந்த இடமோ என்னிடமிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். உருளாத சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடந்து வந்து சேர்ந்தபோது, பந்தயத்தில் அவருக்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

நீங்களே இறக்கத்துக்கு ஓடிப் போயிருக்கலாமே என்று உங்கள் தரப்பில் ஒருவர் கேட்டார். ஓடியிருந்தால் எங்கள் வீரர் தகுதி இழந்திருப்பார். கிராஸ் கன்ட்ரி எனப்படும் இந்த வகை மலைச் சைக்கிள் பந்தயத்துக்கான சர்வதேச விதிகளின்படி, குறிக்கப்பட்ட எல்லைக்குள் சட்டத்தைத் தவிர மற்ற எந்தப் பாகத்தையும் மாற்றலாம். எல்லைக்கு வெளியே மெக்கானிக் கைவைக்கக் கூடாது. சைக்கிளையே மாற்றவும் அனுமதி இல்லை. அந்த விதியைத் தளர்த்தும்படி நான் கேட்கவில்லை. அது நல்ல விதி. ஆனால் எல்லையைத் தவறான இடத்தில் குறித்துவிட்டு விதியை மட்டும் கறாராகக் கடைப்பிடித்தால், அடிபடுபவர் வீரர்தான்.

பழுதுபார்க்கும் எல்லையையும் தடத்தையும் போட்டிக்கு முந்தைய நாளே எங்களுக்குத் திறந்துவிடவும் வேண்டுகிறேன். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வருவதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அழுத்த அலகு) குறைந்துவிடுகிறது. குளிரில் டயருக்குள் இருக்கும் காற்று கொஞ்சம் சுருங்கினாலும், கீழே 22 பிஎஸ்ஐ வைத்த டயர் மேலே அதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். கார் டயருக்கு அது பொருட்டல்ல. ஈர வேரில் ஏறும் மலைச் சைக்கிளுக்கு ஒரு பிஎஸ்ஐ கூடினாலும் பிடிமானம் போய்விடும். ஆகவே காற்றையும் சஸ்பென்ஷனையும் போட்டித் தடத்தில் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும், அதற்கு ஒரு மாலைப் பொழுதாவது வேண்டும். ஒரு தண்ணீர்க் குழாயும் இருந்தால் நல்லது. செம்மண் அப்பிய செயினுக்குக் கழுவாமல் எண்ணெய் விட்டால், மண்ணும் எண்ணெயும் சேர்ந்து செயினையே அரைத்துவிடும்.

இறக்கம் முடிகிற இடத்தில் காப்பிக் கொட்டை காயவைக்கும் சிமென்ட் களம் ஒன்று இருக்கிறது. நான்கு அணிகள் தாராளமாக நிற்கலாம். ஓரத்தில் குழாயும் உண்டு. தோட்டத்துக்காரரிடம் நானே போய்க் கேட்டேன். அறுவடை முடிந்து களம் காலியான பிறகு போட்டித் தேதியை வைத்தால் இரண்டு நாளைக்கு விடுவதாகவும், ஆனால் அமைப்பாளர்களே நேரில் வந்து கேட்க வேண்டும் என்றும் சொன்னார்.

இப்படிக்கு,
ஓர் அணி மெக்கானிக்,
சேலம்.