பீக்கோ பாதையில் நடக்கவும் ஓடவும் வருகிறவர்களுக்கு

வணக்கம்.

கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று இலங்கை மலையகத்தைச் சுற்றிவந்து நுவரெலியாவில் முடிகிற பாதை. 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கும் மேல். நீங்கள் இங்கே வருவதில் எனக்குச் சந்தோஷம்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவதெல்லாம் கோபமாகத் தெரியும்.

இந்தப் பாதையின் பெரும்பகுதி வெள்ளைக்காரர் காலத்துக் குதிரை வண்டித் தடம். இன்றும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும், பெண்கள் மலைக்கு ஏறுவதும் இதில்தான். மலை என்றால் நீங்கள் படம் எடுக்கிற சிகரம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பேச்சில் கொழுந்து பறிக்கும் தேயிலைக் காடுதான் மலை.

ஹப்புத்தளைப் பக்கம் டம்பேதென்ன ஸ்டோரிலிருந்து, அதாவது தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து, லிப்டன் சீட் என்கிற மலையுச்சிக்கு சுமார் 7 கிலோமீட்டர் ஏற்றம். விடியும்போது உச்சியில் நிற்க வேண்டும் என்று ஓடுவீர்கள், சரி. இறங்கும் நேரம்தான் சிக்கல். காலை நிறுவைக்கு அக்காமார் வருகிற நேரம் அது. நெற்றியில் கயிறு, முதுகில் கொழுந்து, இடுப்பில் சுற்றிய ஈரமான படங்குத் துணி, காலில் பெரும்பாலும் ரப்பர் செருப்பு. நாளுக்கு 18, 20 கிலோ பறித்தால்தான் பல தோட்டங்களில் முழுப் பெயர் விழும், அதாவது முழுநாள் சம்பளம் கிடைக்கும். பாசி பிடித்த கல் படியில் அந்தச் சுமையோடு ஒதுங்கி நிற்பது லேசான காரியம் இல்லை. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடிவந்த ஒருவருக்கு வழிவிடப் போய் என் அம்மா ஒருமுறை கானுக்குள், அதாவது வடிகாலுக்குள், கால் வைத்துவிட்டார். ஓடியவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க மனமில்லை என்றில்லை, அவருக்குக் கேட்கவே இல்லை. ஆகவே சுமை வந்தால் நீங்கள் நில்லுங்கள். உங்கள் கடிகாரத்தில் ஒரு நிமிஷம் கூடும், அவ்வளவுதான்.

நெடுநடை எங்களுக்கும் புதிதல்ல. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் எங்கள் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்குக் காடு வழியாக நடந்தே வந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அந்த வருகையின் 200ஆவது ஆண்டில், 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் கிளம்பி ஆகஸ்ட் 12 அன்று மாத்தளைக்கு வந்துசேர்ந்தது ஒரு நடைபயணம். முடிந்தால் அந்த வழியையும் ஒருநாள் நடந்து பாருங்கள். வெயில் கொளுத்தும், தேயிலை இருக்காது, ஆனால் இந்தப் பாதைக்கு வேர் அங்கேதான்.

அப்புறம் போட்டோ. கேட்டுவிட்டு எடுங்கள், பலர் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். சிலர் முக்காட்டை இழுத்துக்கொள்வார்கள், அதற்கு அர்த்தம் வேண்டாம் என்பது. லயத்து வாசலில், அதாவது எங்கள் வரிசை வீட்டு வாசலில், தண்ணீர் கேட்டால் தேத்தண்ணி வரும். குடித்து முடித்ததும் காசை நீட்டாதீர்கள், கொடுத்தவருக்கு ஒரு மாதிரி ஆகிவிடும்.

எத்தனையோ பேர் என் அம்மாவைக் கொழுந்தோடு படம் எடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பதோ அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியது. எடுத்தால் ஒரு பிரதி போட்டு, தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர் எழுதித் தபாலில் அனுப்புங்கள். ஆளைப் பார்த்ததும் யார் என்று லயத்தில் சொல்லிவிடுவார்கள், வந்து சேரும்.

இப்படிக்கு,
தோட்டத்து மகள் ஒருத்தி