மாடியில் மண் கொட்டுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாடித்தோட்டம் பற்றி உங்கள் இதழில் வரும் குறிப்புகளைப் படித்துவிட்டுப் பலர் அடுத்த படிக்குப் போகிறார்கள். பைகளும் தொட்டிகளும் போதாது, மொட்டை மாடி முழுவதையும் செடிகொடியால் மூடிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் பையில் கத்தரி வளர்ப்பது ஒரு வேலை, கூரையையே நிலமாக்குவது வேறு வேலை. பையை நகர்த்தித் தரையைப் பார்த்துவிடலாம். விரித்த மண்ணுக்கு அடியில் என்ன நடக்கிறது என்பது கீழ்வீட்டு உட்கூரையில் ஈரம் படரும்போதுதான் தெரியும். சென்னையில் பல வீடுகளில் தட்டோட்டின் மேல் தார்ப்பாய் விரித்து, அரை அடி செம்மண் கொட்டி, புல் பத்தை பதிக்கிறார்கள். தார்ப்பாய், மண், புல் ஆகிய மூன்றுமே தவறான தேர்வு.

முதலில் எடை. அரை அடி செம்மண் மழையில் ஊறினால் சதுர மீட்டருக்கு 270 கிலோவுக்குக் குறையாது. ஆட்கள் ஏறிப் புழங்கும் சமதளக் கூரைக்கு இந்தியத் தர விதி ஐ.எஸ். 875-இன் இரண்டாம் பகுதி சொல்லும் பயன்பாட்டுச் சுமை 1.5 கிலோநியூட்டன், அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. அது வந்து போகும் மனிதர்களுக்கும் பொருட்களுக்கும் ஒதுக்கியது. மண் அங்கேயே கிடக்கும் நிலைச் சுமை. "150 கிலோ தாங்கும் என்றார்களே, அதில் மண் போட்டுக்கொள்கிறோம்" என்று கணக்குப் போட்டால், நாளைக்கு மாடியில் பத்துப் பேர் கூடி நிற்க இடமில்லை என்று பொருள்.

அப்படியானால் மண்ணுக்கான எடையை எங்கிருந்து எடுப்பது? நம் ஊர்க் கட்டடங்களில் அதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து 10 செ.மீ. போட்டு, தட்டோடு பதித்திருப்பார்கள். கொத்தனார்கள் வெதரிங் கோர்ஸ் என்று சொல்லும் இந்த அடுக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 240 கிலோ வரும். வெயிலைத் தடுப்பதும் நீர் ஓட வாட்டம் கொடுப்பதும்தான் அதன் வேலை. அதைப் பெயர்த்து எடுத்துவிட்டுச் சராசரியாக நாலரை செ.மீ. கனத்தில் சிமெண்ட் வாட்டத் தளம் போட்டால் 100 கிலோ ஆகும். அதன்மேல் வரும் 10 செ.மீ. வளர்ப்பு மண், வடிகால் அடுக்கு, செடி எல்லாம் நனைந்த நிலையில் 145 கிலோ. எடுத்ததும் வைத்ததும் ஏறத்தாழ நேராகிவிடுகிறது. பழைய தளத்தை அப்படியே விட்டு மேலே ஏற்றுகிறவர்களுக்குத்தான் ஆபத்து. எடை மட்டும் காரணமில்லை. சுண்ணாம்புத் தளம் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அதன்மேல் நீர்த்தடுப்பு ஷீட் ஒட்டினால், வெயிலில் உள்ளே ஆவி எழும்பி ஷீட் கொப்புளம் கொப்புளமாக உப்பி, பிறகு கிழியும்.

பெயர்க்கும்போது டிரில்லிங் பிரேக்கர் வேண்டாம். உளியும் சுத்தியலும் போதும். இடிபாட்டை மாடி நடுவில் குவிக்காமல் அன்றன்றே இறக்க வேண்டும். இது மண் ஏற்றும்போதும் பொருந்தும். முடிந்த வேலை 10 செ.மீ. கனம்தான் என்றாலும், ஒரு மீட்டர் உயரத்துக்கு மூட்டைகளை அடுக்கினால் அந்த இடத்தில் சதுர மீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேல் இறங்கும். விரிசல் விழுவது பெரும்பாலும் அந்த ஒரு நாளில்தான். பெயர்த்த ஜல்லியைச் செடிக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். அதில் சுண்ணாம்பு இருப்பதால் காரத்தன்மை கூடும், வேண்டாம்.

மரச்சட்டத்தின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரைகளில் இந்த முயற்சியே கூடாது. கடலோரப் பகுதிகளில் உட்கூரைப் பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும் தளங்களிலும் கூடாது. மற்றவற்றுக்கும் கட்டமைப்புப் பொறியாளர் வரைபடத்தையும் தளத்தையும் பார்த்து எழுதித் தர வேண்டும்.

அடுத்தது நீர்த்தடுப்பு. செலவைக் குறைக்கக் கூடாத இடம் இது ஒன்றுதான். வாட்டம் 100-க்கு 1 (100 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. சரிவு) இருக்கட்டும், 80-க்கு 1 இருந்தால் இன்னும் நல்லது. கைப்பிடிச் சுவரும் தளமும் சந்திக்கும் மூலையைச் செங்கோணமாக விடாமல் வளைத்துப் பூச வேண்டும். ஷீட் மடியும் இடத்தில்தான் முதலில் வெடிக்கும். புதிய வாட்டத் தளம் உலர்ந்ததா என்று பார்க்க எளிய வழி: முக்கால் மீட்டர் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் முத்து கோத்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். பிறகு ஷீட் பிடிக்க உதவும் பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசி, 4 மி.மீ. தார் ஷீட்டைக் காஸ் பர்னரால் உருக்கித் தளத்தோடு முழுமையாக ஒட்ட வேண்டும். ஒரு ஷீட்டின் மேல் அடுத்த ஷீட் ஏறிப் படியும் அளவு பக்கங்களில் 10 செ.மீ., முனைகளில் 15 செ.மீ. சுவரில் ஏறும் ஷீட், மண் மட்டத்துக்கு மேல் 15 செ.மீ. நிற்க வேண்டும். மண்ணே 10 செ.மீ. என்பதை மறந்து, தளத்திலிருந்து 15 செ.மீ. அளந்து முடித்துவிடுவது வழக்கமான பிழை. சுவர் வழியாக நீர் பின்னால் இறங்கிவிடும். பழி ஷீட்டின் மேல் விழும்.

முழுமையாக ஒட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தளர்வாக விரித்த ஷீட்டில் ஓர் ஊசித்துளை விழுந்தால், நீர் அடியிலேயே ஓடி நாலு மீட்டர் தள்ளிக் கீழே சொட்டும். எங்கே துளை என்று மண் முழுவதையும் அள்ளித் தேட வேண்டியிருக்கும்.

தார் வேரைத் தடுக்காது. வேர் அதைத் துளைத்துக்கொண்டு போகும். ஆகவே வேர் தடுக்கும் வகை ஷீட் வாங்க வேண்டும், அல்லது அதன்மேல் ஒரு மி.மீ. எச்டிபிஇ (கெட்டியான பிளாஸ்டிக்) தாளை இணைப்புகளை வெப்பத்தால் ஒட்டி விரிக்க வேண்டும். டேப் ஒட்டிய இணைப்பு போதாது. எல்லாம் முடிந்ததும் மழைநீர்க் குழாய்களை அடைத்து, 5 செ.மீ. நீரை 72 மணி நேரம் நிறுத்திக் கீழ்வீட்டு உட்கூரையைப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனை முடியாமல் ஒரு சட்டி மண்ணும் மேலே ஏறக் கூடாது. சோலார் கால்கள், டிஷ் ஆன்டெனா, ஏசி தாங்கி எல்லாவற்றின் துளைகளும் இதற்கு முன்பே போட்டு முடிந்திருக்க வேண்டும்.

ஷீட்டின் மேல் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஜியோடெக்ஸ்டைல் என்ற செயற்கை இழைத் துணி பாதுகாப்புக்கு. அதன்மேல் 20 அல்லது 30 மி.மீ. உயர டிரெயின் செல், அதாவது நீர் ஓட இடைவெளி விடும் பிளாஸ்டிக் தட்டு. அதன்மேல் 150 ஜிஎஸ்எம் நெய்யாத வடிதுணி. இங்கே நிழல்வலையையோ பழைய வேட்டியையோ போட்டால் முதலாவது மண்ணை விட்டுவிடும், இரண்டாவது மக்கிவிடும்.

நீர் வெளியேறும் வாய்களைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த பேய்மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. தேங்கும் நீர் ஒவ்வொரு செ.மீட்டரும் சதுர மீட்டருக்கு 10 கிலோ. வாய் அடைத்து 20 செ.மீ. நின்றால், மண்ணின் எடைக்கு மேல் இன்னொரு 200 கிலோ. ஆகவே 40 சதுர மீட்டருக்கு ஒரு 100 மி.மீ. குழாய் வையுங்கள், மாடி எவ்வளவு சிறியதானாலும் இரண்டுக்குக் குறைய வேண்டாம். அவை இரண்டும் அடைத்தாலும் நீர் வெளியே விழும்படி கைப்பிடிச் சுவரில் ஒரு வழிந்தோடி வேண்டும். அதன் அடிமட்டம் மண் மட்டத்தைவிடச் சற்றே உயர்ந்தும், ஷீட்டின் மேல்விளிம்புக்குக் கீழும் இருக்கட்டும். ஒவ்வொரு வாயின் மேலும் 30 செ.மீ. சதுரத்தில், பக்கங்களில் துளையுள்ள, மூடி திறக்கும் பெட்டி வைக்க வேண்டும். வாயின் மேல் நேராக மண் மூடினால் இலையும் வண்டலும் சேர்ந்து ஒரே பருவத்தில் அடைத்துக்கொள்ளும். பெட்டியைச் சுற்றியும் கைப்பிடிச் சுவரை ஒட்டியும் 30 செ.மீ. அகலத்துக்குச் செடி வைக்காமல் 40 மி.மீ. ஜல்லி பரப்புங்கள். வர்தா போன்ற புயலில் காற்றின் இழுப்பு விளிம்பிலும் மூலையிலும்தான் அதிகம். மூலைகளில் ஜல்லிக்குப் பதில் கான்கிரீட் பலகை பதிப்பது உத்தமம்.

மண்கலவைக்கு வருவோம். பைகளுக்குச் சொல்லப்படும் தென்னை நார்க்கழிவு மிகுந்த கலவையைக் கூரைக்குப் போடக் கூடாது. பையை ஒவ்வொரு பருவமும் புதுப்பிக்கலாம். கூரையில் அது மக்கி, இரண்டே ஆண்டில் கலவை பாதியாக அமுங்கும். வெறும் செம்மண்ணின் களிமண் துகளோ வடிதுணியை அடைக்கும். பாதிக்குப் பாதி, சுண்ணாம்பு படாத புதுச் செங்கல் உடைசல், 2 முதல் 10 மி.மீ. வரை சலித்தது. ஐந்தில் ஒரு பங்கு செம்மண். மீதியில் மட்கிய தொழுவுரமும் உப்புப் போகக் கழுவிய நார்க்கழிவும் சரிபாதி. எடையை யாரையும் நம்பாமல் நீங்களே பாருங்கள்: அடியில் துளையிட்ட 10 லிட்டர் வாளியை நிரப்பி, ஓரிரவு நீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வடியவிட்டு நிறுக்க வேண்டும். வாளி எடை போக 13 கிலோ இருந்தால், 10 செ.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 130 கிலோ. அதைத் தாண்டினால் செம்மண்ணைக் குறைக்க வேண்டும்.

ஐரோப்பியக் கூரைகளை மூடும் சீடம் என்ற தடித்த இலைச் செடி வகைகள் இங்கே வெப்பமும் ஈரமும் சேரும் மாதங்களில் அழுகும். நமக்குப் பொடுதலை, பத்துமணிப் பூ, கற்பூரவள்ளி, சோற்றுக்கற்றாழை, மழை லில்லி, கடற்கரையில் படரும் சிவந்த தண்டுச் செசூவியம் இருக்கின்றன. புல்வெளி மட்டும் வேண்டாம். தினமும் நீர் கேட்கும், அருகு வேர் எல்லா இடுக்கிலும் நுழையும். ஆடிப்பட்டம் இதற்கும் பொருந்தும். ஆடியில் சதுர மீட்டருக்கு 20 தண்டு நட்டால் ஐப்பசிக்குள் மண் மூடிவிடும். ஐப்பசியில் நட்டால் முதல் கனமழையிலேயே கலவை கரைந்து பெட்டிக்குப் போகும்.

கோடையில் நாள் விட்டு நாள் சதுர மீட்டருக்கு 3 லிட்டர் நீர் போதும். 30 செ.மீ. இடைவெளியில் மணிக்கு 2 லிட்டர் சொட்டும் குழாய் அமைத்தால் எட்டு நிமிடத்தில் முடியும். ஆர்ஓ கழிவுநீர் வேண்டாம். மெல்லிய மண்ணில் உப்பு தேங்கி இலை நுனி கருகும். ஏசியில் சொட்டும் நீர் உப்பில்லாதது, தாராளமாக ஊற்றலாம். முதல் ஓராண்டு கூரையிலிருந்து வடியும் நீர் டீ நிறத்தில் வரும். அதைக் குடிநீர்த் தொட்டிக்கு விடாமல் மழைநீர்ச் சேகரிப்புக் கிணற்றுக்குத் திருப்புங்கள்.

பராமரிப்பில் பெரிய எதிரி பறவை எச்சத்தில் வரும் அரசும் ஆலும். இரண்டு இலையில் கையால் வந்துவிடும். ஒரு மழைக்காலம் விட்டால் வேர் சுவருக்குள் போய்விடும். மூக்கிரட்டைக்கும் ஆழமான ஆணிவேர் உண்டு. முதல் ஆண்டு பதினைந்து நாளுக்கு ஒருமுறை களையெடுக்க வேண்டும். கடப்பாரையும் மண்வெட்டியும் மாடிப்படி ஏறவே கூடாது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பெட்டிகளைத் திறந்து வண்டலை அள்ளுங்கள். தேங்கிய நீரில் டெங்குக் கொசு வளரவும் அங்கேதான் வாய்ப்பு.

அடுக்குமாடிச் சங்கங்கள் ஒப்பந்தம் போடும்போது, மண்ணுக்கு அடியில் உள்ள ஷீட்டுக்கும் உத்தரவாதம் உண்டா, கசிந்தால் மண்ணை அள்ளித் திரும்பப் போடும் கூலி யாருடையது என்ற இரண்டையும் எழுத்தில் வாங்க வேண்டும். 72 மணி நேர நீர்ச் சோதனையின் தொடக்கத்திலும் முடிவிலும் கீழ்வீட்டுக்காரரின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கூரைத்தோட்டப் பணியில் உள்ள பொறியாளர்கள் சிலர்,
சென்னை